வாப்பாவின் கல்லூரித் தோழர்கள்: தொடர்பு அறுந்துபோகாமல் இருக்க வீட்டார் செய்ய வேண்டியவை

நம் ஊர்களின் இணையதளங்களில் வரும் வஃபாத் அறிவிப்புகளைக் கவனித்துப் பாருங்கள். இன்ன தெரு, மர்ஹூம் இன்னாரின் மகனார், இன்னாரின் மருமகனார், இன்னின்னாரின் தகப்பனார், அஸர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம் என்று எல்லா விவரமும் இருக்கும். உள்ளூர்க்காரர்களுக்கும் உறவினர்களுக்கும் அது போதும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அவரோடு ஒரே விடுதி அறையில் பாய் விரித்துப் படுத்த நண்பருக்கு அது போதாது. வகுப்பில் நான்கு முகம்மது இப்ராஹீம்கள் இருந்திருப்பார்கள். ஒருவரை ஊர் பெயர் சேர்த்து ‘காயல் இப்ராஹீம்’ என்றும், இன்னொருவரை ‘கோலி இப்ராஹீம்’ என்றும் (கால்பந்தில் கோல் காப்பவராக இருந்திருப்பார்) கூப்பிட்டிருப்பார்கள். அறிவிப்பில் இருக்கும் மருமகன், சம்பந்தி பெயர்களை வைத்து அந்த இப்ராஹீம்தான் இவர் என்று கண்டுகொள்ள அவருக்கு வழியில்லை.

ஆறு மாதம் கழித்துப் பெருநாள் வாழ்த்துச் சொல்ல அழைக்கும்போது யாரோ ஒருவர் எடுத்து, “ராங் நம்பர்” என்பார். அல்லது பேரன் எடுத்து, “அப்பா மவுத்தாகி நாலு மாசமாச்சே, உங்களுக்குத் தெரியாதா?” என்பான். அதற்குள் ஜனாஸாவில் கலந்துகொள்ளும் வாய்ப்பு மட்டுமல்ல, நோயில் விசாரிக்கும் வாய்ப்பும், பழைய கொடுக்கல் வாங்கலைத் தீர்க்கும் வாய்ப்பும் போயிருக்கும்.

நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலைக் கூட்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்த ஒருவர் இறந்துபோனார். அதைப் பெரிய செய்தியாக நினைக்காமல் தோழர்கள் அடக்கம் செய்துவிட்டார்கள். சில நாட்கள் அவரைக் காணாத நபியவர்கள் விசாரித்தார்கள். விவரம் தெரிந்ததும் தமக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டு, கப்ரைக் காட்டச் சொல்லி அங்கே சென்று தொழுதார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. அறிவிக்க வேண்டியவர்களுக்கு அறிவிப்பது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

வாப்பா என்றோ அத்தா என்றோ நாம் அழைக்கிற அந்த மனிதருக்கு நம்மைத் தவிர, நாம் பிறப்பதற்கு முன்பிருந்தே ஒரு கூட்டம் இருக்கிறது. முதுமையில் அந்தக் கூட்டத்தோடு அவருடைய தொடர்பு நிலைப்பது பெரும்பாலும் அவர் கையில் இல்லை. பிள்ளைகள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் கையில் இருக்கிறது. இதைத்தான் இந்தக் கட்டுரையில் விளக்கப் பார்க்கிறோம்.

தகப்பனின் நண்பர் என்ற உறவு

இப்னு உமர் (ரலி) அவர்கள் மக்காவுக்குப் போகும் வழியில் ஒரு கிராமத்து அரபியைச் சந்தித்தார்கள். ஸலாம் சொல்லி, தாம் ஏறிச் சென்ற கழுதையில் அவரை ஏற்றி, தம் தலைப்பாகையையும் கழற்றிக் கொடுத்தார்கள். கூட வந்தவர்களுக்கு வியப்பு. கிராமத்து மக்கள் சிறிது கொடுத்தாலே திருப்தி அடைந்துவிடுவார்களே என்றார்கள். இவருடைய தந்தை என் தந்தை உமருக்கு நேசமானவர் என்று இப்னு உமர் காரணம் சொன்னார்கள். தந்தையின் நேசத்துக்குரியவர்களோடு மகன் உறவைப் பேணுவது நன்மைகளில் மிகச் சிறந்தது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதைக் கேட்டிருப்பதாகவும் கூறினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியுள்ளது.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கிராமவாசி உமர் (ரலி) அவர்களின் நண்பர்கூட அல்ல, நண்பரின் மகன். இரண்டு தலைமுறை தாண்டியும் அந்த உறவு மதிக்கப்பட்டது. கதீஜா (ரலி) அவர்கள் மறைந்து ஆண்டுகள் பல கடந்த பிறகும், ஆடு அறுத்தால் அவர்களின் தோழியருக்கு நபியவர்கள் பங்கு அனுப்பி வந்ததும் ஹதீஸ்களில் உண்டு. நம் குடும்பங்களில் சொந்தபந்தத்தைப் பேணுவது பற்றி நிறையப் பேசுகிறோம். பெற்றோரின் நண்பர்களை அந்தப் பட்டியலில் சேர்ப்பது குறைவு.

இந்தத் தலைமுறை ஏன் சிதறியது?

இன்று எழுபதைத் தாண்டியவர்களின் கல்லூரிக் காலம் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் அவர்களின் நட்பு ஏன் அவ்வளவு ஆழமானது, ஏன் அவ்வளவு எளிதாகத் தொலைந்தது என்பது விளங்கும். அப்போது பிளஸ் டூ கிடையாது. 1978இல்தான் அது வந்தது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் பதினாறு, பதினேழு வயதில் பி.யூ.சி. படிக்கக் கல்லூரிக்கே போக வேண்டும். நம் சமுதாயப் பெரியவர்கள் தொடங்கிய கல்லூரிகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இலேயே வந்துவிட்டது. திருச்சி ஜமால் முகமதுவும் சென்னை நியூ காலேஜும் 1951இல் வந்தன. அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் 1955, உத்தமபாளையம் ஹவ்தியா 1956, மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் 1965, பாளையங்கோட்டை சதக்கத்துல்லாஹ் அப்பா 1971. ஊரில் கல்லூரி இல்லாத பையன் பெட்டி படுக்கையோடு விடுதிக்கு வந்து சேர்ந்தான். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் பலர். மெஸ் சாப்பாடு, மாதக் கடைசியில் ஒரே டீயை இருவர் பகிர்வது, பெருநாள் விடுமுறைக்கு ஒரே பேருந்தில் ஊர் திரும்புவது என்று மூன்று நான்கு ஆண்டுகள் அப்படி ஒன்றாக இருந்தார்கள்.

படிப்பு முடிந்த நேரத்தில் வளைகுடாவில் எண்ணெய்ப் பணம் பெருகியது. சவூதி, துபை, குவைத் என்று ஆளுக்கொரு திசையில் பிரிந்தார்கள். மலேசியா, சிங்கப்பூரில் தகப்பன் கடை இருந்தவர்கள் அங்கே போனார்கள். வான்வழிக் கடிதம் ஒன்று போய்ப் பதில் வர வாரக்கணக்காகும். முகவரி மாறினால் தொடர்பு போயிற்று. பிறகு தரைவழித் தொலைபேசி வந்தது, அந்த எண்ணும் போய்க் கைப்பேசி வந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் சிலர் உதிர்ந்தார்கள். இன்று வாப்பாவின் கைப்பேசியில் இருக்கும் ஏழெட்டுக் கல்லூரிப் பெயர்கள் இத்தனை சல்லடைகளுக்கும் தப்பியவை.

பெயரிலிருந்து தொடங்குங்கள்

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின், சாப்பாடு முடிந்து வாப்பா சற்று ஓய்வாக இருக்கும்போது ஒரு நோட்டுடன் உட்காருங்கள். “உங்க ரூமில் யாரெல்லாம் இருந்தாங்க?” என்று கேட்டால் போதும். “உங்க நண்பர்கள் யார் யார்?” என்று பொதுவாகக் கேட்டால் இரண்டு பெயர் வரும். அறை, மெஸ், வகுப்பில் உட்கார்ந்த வரிசை என்று இடத்தை வைத்துக் கேட்டால் இருபது பெயர் வரும். பட்டப்பெயர், ஊர், தெரியுமானால் தகப்பனார் செய்த தொழில், கடைசியாகப் பேசியது எப்போது, யார் மூலம் பழக்கம், எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் மட்டும் வைக்காதீர்கள். அது தொலையும், உடையும், பேரன் கையில் சிக்கும். காகிதத்தில் எழுதி, குடும்ப அட்டை, சொத்துப் பத்திரம் இருக்கும் கோப்பிலேயே போட்டு வையுங்கள். அந்தக் கோப்பைத்தான் மவுத்து வீட்டில் முதலில் எடுப்பார்கள்.

எண் இல்லாதவர்களைத் தேடப் பலரும் முகநூலில் தொடங்குகிறார்கள். முகம்மது இப்ராஹீம் என்று தேடினால் ஆயிரக்கணக்கில் வரும். எழுபத்தைந்து வயதுக்காரர் அதில் இருப்பாரா என்பதும் நிச்சயமில்லை. நம்மிடம் அதைவிட நல்ல வழி உண்டு. நண்பரின் ஊர் தெரிந்தால், அந்த ஊர்ப் பள்ளிவாசல் மோதினாரைக் கேளுங்கள். மவுத்து அறிவிப்பு அவர் வாய்வழியாகத்தான் போகிறது. எந்தத் தெருவில் எந்தப் பெரியவர் இருக்கிறார், யார் மகனோடு சென்னைக்குப் போய்விட்டார் என்பது அவருக்குத் தெரியும். பெரிய ஊராக இருந்து பல மஹல்லாக்கள் இருந்தால் ஜமாஅத் அலுவலகத்தில் கேட்கலாம். நிக்காஹ் பதிவேட்டில் தகப்பனார் பெயரோடு இருக்கும். பெயர், தோராயமான வயது, படித்த கல்லூரி, தகப்பனார் தொழில் ஆகியவற்றைச் சொல்லி, “எங்க வாப்பாவோட கல்லூரிக் கூட்டாளி, ஸலாம் சொல்லணும்” என்று காரணத்தையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். யாரோ கடன் வசூலிக்கத் தேடுகிறார்கள் என்று நினைத்துவிட்டால் தகவல் வராது!

கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கத்தையும் கேட்கலாம். கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் அமைப்பு முன்னாள் மாணவர் ஈடுபாட்டையும் கணக்கில் எடுப்பதால், இப்போது பெரும்பாலான கல்லூரிகள் இந்தச் சங்கங்களை உயிரோடு வைத்திருக்கின்றன.

உம்மாவின் தோழியர்

வாப்பாவுக்காவது பள்ளிவாசல், கடைத்தெரு, ஊர்ச் சங்கம் என்று வழிகள் உண்டு. எழுபதுகளில் கல்லூரிக்குப் போன முஸ்லிம் பெண்கள் குறைவு. சென்னையில் 1955இல் தொடங்கிய எஸ்.ஐ.இ.டி. போன்ற மகளிர் கல்லூரிகளில் படித்தவர்கள் தங்களுக்குள் கொண்டிருந்த பிணைப்பு அதனாலேயே பெரிது. ஆனால் கல்யாணமானதும் பெயருக்கு முன்னிருந்த தகப்பனாரின் முதலெழுத்து போய்க் கணவரின் முதலெழுத்து வந்தது. வீடு மாறியது, சிலருக்கு நாடே மாறியது. பழைய தோழி தேடினால் கல்லூரிப் பதிவேட்டில் ஒரு பெயர், இன்றைய ஆவணங்களில் வேறொரு பெயர்.

இன்னொரு தடை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பல வீடுகளில் உம்மாவுக்கெனத் தனிக் கைப்பேசி இல்லை. மகனின் எண்ணுக்கோ மருமகளின் எண்ணுக்கோ அழைத்துத்தான் பேச வேண்டும். எழுபது வயதுத் தோழி ஒருமுறை அழைத்து, “அவங்க தொழுதுட்டிருக்காங்க, அப்புறம் பேசச் சொல்றேன்” என்ற பதிலைக் கேட்டு, அந்த அப்புறம் வராமலே போனால், மறுபடி அழைக்கக் கூச்சப்படுவார். இதை நான் பெரிய குறையாகவே நினைக்கிறேன். உம்மாவின் பெயரிலேயே ஒரு எண், உம்மாவின் கையிலேயே ஒரு கைப்பேசி. வீட்டில் நான்கு ஸ்மார்ட்போன் இருக்கும்போது இது இயலாத செலவல்ல.

காது கேட்காததைக் கோபம் என்று நினைக்கிறார்கள்

நீண்ட கால நண்பர்கள் முதுமையில் பிரிவதற்குச் சண்டையைவிட அதிகம் காரணமாக இருப்பது காது என்று தோன்றுகிறது. வயதாகும்போது முதலில் குறைவது மேல்சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன். உயிரெழுத்துகள் ஓரளவு கேட்கும்; ச, ஸ, ஷ, த, ஃப போன்ற மெல்லிய ஒலிகள் நழுவும். அதனால்தான் பெரியவர்கள், “சத்தம் கேட்குது, என்ன சொல்றான்னு விளங்கலை” என்கிறார்கள். அது சாக்குப்போக்கு அல்ல, உண்மையான வர்ணனை. இதோடு தொலைபேசியின் குறையும் சேர்கிறது. பழைய முறைத் தொலைபேசி அழைப்பு சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும். ‘ஸ’ போன்ற ஒலிகளின் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. ஏற்கெனவே காது விடுகிற ஒலிகளைக் கம்பியும் விட்டுவிடுகிறது. இந்தப் பக்கம் கத்துவதால் பயனில்லை. கத்தும்போது உயிரெழுத்துதான் நீள்கிறது, மெய்யெழுத்து தெளிவாவதில்லை.

பெரியவருக்கு இது தர்மசங்கடம். இரண்டு முறை “என்ன?” என்று கேட்பார். மூன்றாவது முறை, “நெட்வொர்க் சரியில்லை, அப்புறம் பேசுறேன்” என்று வைத்துவிடுவார். அடுத்த முறை அழைப்பு வந்தால் எடுக்கவே மாட்டார். மறுமுனையில் இருக்கும் நண்பருக்கு எதுவும் தெரியாது. “ஏதோ மனஸ்தாபம் போலிருக்கு, என் போனை எடுக்கிறதில்லை” என்று அவரும் ஒதுங்குவார். அரை நூற்றாண்டு நட்பு ஒரு வார்த்தைச் சண்டைகூட இல்லாமல் முடிந்துபோகும்.

மகனோ மகளோ நண்பரை அழைத்து, “மாமா, வாப்பாவுக்குக் காது மந்தமாயிடுச்சு, அதான் எடுக்கலை, உங்களைத்தான் தினமும் பேசிட்டிருக்காங்க” என்று ஒரு வார்த்தை சொன்னால் இதில் பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்குச் சில ஏற்பாடுகள் உதவும். வீடியோ அழைப்பில் உதட்டசைவும் முகமும் தெரிவதால், காது விட்டதைக் கண் பிடித்துக்கொள்ளும். முகத்தில் வெளிச்சம் படும்படி உட்கார வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டினால் முகம் இருட்டாகிவிடும். மின்விசிறியும் தொலைக்காட்சியும் நிற்கட்டும். இணையம் நன்றாக இருந்தால் வாட்ஸ்அப் அழைப்பும், 4ஜி எச்.டி. அழைப்பும் பழைய அழைப்பைவிட அகலமான ஒலியைக் கடத்தும், வித்தியாசம் தெரியும். இரண்டு காதிலும் மாட்டும் ஹெட்போன் போட்டுப் பாருங்கள். காது மருத்துவரிடம் காட்டி, தேவையானால் கருவி வாங்குவதைத் தள்ளிப்போடாதீர்கள். மறதி நோய்க்கான, நம்மால் மாற்றக்கூடிய காரணங்களை ஆராய்ந்த லான்செட் மருத்துவக் குழு 2024இல் வெளியிட்ட பட்டியலில், காது கேளாமை, சரிசெய்யப்படாத பார்வைக் குறை, தனிமைப்படுதல் ஆகிய மூன்றும் இருக்கின்றன. நாம் பேசிக்கொண்டிருக்கும் விஷயத்தில் அந்த மூன்றும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன.

நேரமும் முக்கியம். இஷ்ராக்குக்குப் பிந்தைய காலை, அல்லது அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம் பலருக்குத் தோதாக இருக்கும். நண்பர் மலேசியாவில் என்றால் அங்கே இரண்டரை மணி நேரம் முன்னால். சவூதி என்றால் இரண்டரை மணி நேரம் பின்னால். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம் என்று வைத்துவிட்டால் பெரியவர்கள் அதற்காகவே காத்திருப்பார்கள். முகச்சவரம் செய்து சட்டை மாற்றி உட்காருகிறவர்களும் உண்டு.

நினைவு தடுமாறுகிறவரிடம்

“என்னைத் தெரியுதா? யார்னு சொல்லு பார்ப்போம்” என்று தொடங்கும் பழக்கம் நமக்கு உண்டு. மறதி தொடங்கியவருக்கு இது ஒரு பரீட்சை, அதில் தோற்றதும் அவர் சுருங்கிவிடுகிறார். அழைப்பவர் முதலில் தன் பெயர், ஊர், விடுதி அறை எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கட்டும். பத்து வயதிலிருந்து முப்பது வயது வரை நடந்தவை மற்ற காலத்தைவிட அதிகமாக மனத்தில் நிற்கின்றன என்பது நினைவாற்றல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. காலையில் என்ன சாப்பிட்டார் என்பது தெரியாதவருக்குக் கல்லூரி மெஸ்ஸின் சமையல்காரர் பெயர் தெரியும். பிள்ளைகளாகிய நாம் அந்தக் காலத்தில் இல்லை; அந்தப் பேச்சை நம்மால் தொடங்க முடியாது. வகுப்புத் தோழரால் முடியும். டாக்டரும் மாத்திரையும் தர முடியாத ஒரு உதவி அது.

குழுவும் பணமும்

‘1973 பேட்ச்’ என்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தால் தொடர்பு இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். யாராவது மவுத்தானால் அதில் நாற்பது பேர் “இன்னா லில்லாஹி” போடுகிறார்கள். இறந்தவர் வீட்டுக்கு எத்தனை பேர் அழைத்தார்கள் என்று பார்த்தால் இரண்டு பேர். அந்த நாற்பது செய்திகளையும் இறந்தவரின் மனைவி பார்க்கப் போவதில்லை, அவர் அந்தக் குழுவில் இல்லை. குழு தகவல் பலகைக்கு நல்லது. அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

நம் கல்லூரிகளில் படித்தவர்கள் எல்லோரும் முஸ்லிம்கள் அல்ல. ஒரே தட்டில் சாப்பிட்ட ராமசாமியும் சூசையும் அந்தக் குழுக்களில் இருக்கிறார்கள். தேர்தல் நேரத்தில் யாரோ அனுப்பும் ஒரு வதந்தியால் இந்த நட்புகள் முறிந்ததைப் பலரும் பார்த்திருப்போம். அனுப்பியவர் பெரும்பாலும் அதை எழுதியவர் அல்லர்; வந்ததைத் தள்ளிவிட்டவர். குழுவில் பதில் கொடுக்காமல் தனியே அழைத்து, “இது எனக்கு வருத்தமாயிருக்கு” என்று சொல்லலாம். பல நேரம் அதுவே போதும். தமக்குப் பணிவிடை செய்துவந்த யூதச் சிறுவன் நோயுற்றபோது நபி (ஸல்) அவர்கள் அவன் வீட்டுக்கே போய் விசாரித்ததைப் புகாரியில் காண்கிறோம். நோய் விசாரிக்கும் விஷயத்தில் மதம் பார்க்க வேண்டியதில்லை.

மோசடிக்காரர்களும் இதில் நுழைகிறார்கள். நண்பரின் படத்தைப் போட்டுக்கொண்டு, புதிய எண்ணிலிருந்து, “ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், அவசரமாகப் பணம் அனுப்பு” என்று செய்தி வரும். வாப்பாவிடம் ஒரே ஒரு விதியைச் சொல்லி வையுங்கள்: பணம் கேட்டுச் செய்தி வந்தால், நோட்டில் உள்ள பழைய எண்ணுக்கு அழைத்துக் குரலைக் கேட்காமல் அனுப்பக் கூடாது. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்ய வேண்டும். விரைவாகச் சொன்னால் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

அதே சமயம், உண்மையாகவே சிரமத்தில் இருக்கும் தோழர்கள் கேட்கவே மாட்டார்கள். மண்டபம் பிடித்து, பொன்னாடையும் நினைவுக் கேடயமும் கொடுத்து நடக்கும் சந்திப்புகளுக்கு அவர்கள் வராமல் போவதற்குச் சந்தாப் பணம் ஒரு காரணமாக இருக்கலாம். அந்தக் கேடயச் செலவை அவர் மருந்துக் கடைக் கணக்குக்குத் திருப்பினால் யாருக்கும் மனம் நோகாது. ஜகாத் பெறத் தகுதியுள்ள முஸ்லிம் தோழருக்கு அதையும், மற்றவர்களுக்கு ஸதகாவையும், கொடுத்தவர் பெயர் தெரியாமல் கொடுக்கலாம்.

கடன் விஷயம் ஒன்றும் இருக்கிறது. அன்று சபர் புறப்பட விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் நண்பர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்ததில் எழுதிய தாள் அநேகமாக இராது. கடனை எழுதி வைக்கும்படி அல்லாஹ் கட்டளையிடும் அல்பகரா 282ஆம் வசனம் குர்ஆனிலேயே மிக நீளமானது. இருந்தும் நண்பர்களுக்கிடையில் எழுதுவதை அவமரியாதையாக நினைத்தோம். வாப்பா தெளிவாக இருக்கும்போதே, “உங்க கூட்டாளிகள் யாருக்காவது நாம கொடுக்கணுமா? யார்கிட்டயாவது வரணுமா?” என்று பக்குவமாகக் கேட்டுவிடுங்கள். தொகை சிறியதாக இருக்கலாம். அவர் மனத்தில் அது சிறியதாக இருக்காது. ஹஜ்ஜுக்குப் போகும்போது உறவினர் வீடுகளில் எல்லாம் போய், “பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று கேட்கிறோம். அந்தச் சுற்றில் கல்லூரித் தோழர்கள் விடுபட்டிருந்தால், இப்போது ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுவிடலாம்.

நேரில் ஒருமுறை

வேறு ஊரிலிருந்த சகோதரரை அல்லாஹ்வுக்காகச் சந்திக்கப் புறப்பட்ட ஒரு மனிதரின் வழியில் வானவர் ஒருவரை அல்லாஹ் நிறுத்தியதாக முஸ்லிமில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. அவரிடம் உனக்கு ஏதும் காரியம் ஆக வேண்டியிருக்கிறதா என்று வானவர் கேட்கிறார். இல்லை, அல்லாஹ்வுக்காக அவரை நேசிக்கிறேன், அவ்வளவுதான் என்கிறார் அந்த மனிதர். அல்லாஹ்வும் உன்னை நேசிக்கிறான் என்ற நற்செய்தி அவருக்குக் கிடைக்கிறது.

இன்று அந்தப் பயணத்துக்கு வாப்பாவால் தனியாகப் போக முடியாது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட மூத்த குடிமக்கள் ரயில் கட்டணச் சலுகையும் திரும்பி வரவில்லை. ஆனால் அறுபது வயதான ஆண்களுக்கும் நாற்பத்தைந்து வயதான பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. முன்பதிவின்போது அதைக் கேட்டு வாங்குங்கள். பெருநாளுக்கோ கல்யாணத்துக்கோ அந்த வழியாகப் போகும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கி நண்பர் வீட்டில் இறக்கிவிடலாம். பேரப்பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். அவர்கள் தங்கள் அப்பாவை ஒருவர் “டேய்” என்று கூப்பிடுவதை முதன்முறையாகக் கேட்பார்கள்.

வாப்பாவுக்குப் பின்

மவுத்தான வீட்டில் நடக்கும் தவறு ஒன்று, பத்து நாளில் அவருடைய சிம்மை எடுத்துப் போட்டுவிடுவது. பயன்படுத்தாத எண் சில மாதங்களில் துண்டிக்கப்படும். துண்டித்து 90 நாள் கழிந்தால் வேறு ஒருவருக்குக் கொடுக்கப்படலாம். அந்த எண்ணைக் குறைந்தது ஓராண்டு, அதாவது இரண்டு பெருநாள்களும் ஒருமுறை வந்துபோகும் வரையாவது உயிரோடு வைத்திருங்கள். செய்தி போய்ச் சேராத தோழர்கள் பெருநாளில் அழைப்பார்கள். இறப்புச் சான்றிதழைக் காட்டி எண்ணை வாரிசின் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். அழைப்பவரிடம் நிதானமாக எல்லாவற்றையும் சொல்லுங்கள். எப்படி நோயுற்றார், கடைசியில் என்ன பேசினார், எங்கே அடக்கம் என்று அவர் கேட்பார். ஷாஃபி மத்ஹபைச் சேர்ந்தவரானால் காயிப் ஜனாஸா தொழவும் விரும்பலாம். ஹனஃபியானால் துஆச் செய்வார்.

உம்மா இத்தாவில் இருக்கும் அந்த நான்கு மாதம் பத்து நாட்களில் அவருடைய தோழியர் வந்து பார்ப்பதற்குத் தடை ஏதும் இல்லை. உறவினர் கூட்டம் ஏழாம் நாளோடு வடிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் நீண்ட மாலை நேரங்களுக்குத்தான் அந்தத் தோழியர் தேவைப்படுவார்கள். அவர்களுக்குச் செய்தி சொல்ல வேண்டிய வேலை மகளுடையது.

அறிவிப்பை எழுதிக் கொடுக்கும்போது, மகனார், மருமகனார், தகப்பனார் என்ற வரிசைக்குக் கீழே இப்படி ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: “மர்ஹூம் அவர்கள் இன்ன கல்லூரியில் 1971 முதல் 1974 வரை பி.எஸ்சி. கணிதம் படித்தவர்கள், நண்பர்களிடையே இன்ன பெயரால் அறியப்பட்டவர்கள், தொடர்புக்கு மகனாரின் எண்.” அந்த வரியை எழுதுவதற்கான விவரம், வெள்ளிக்கிழமை மத்தியானம் வாப்பாவோடு உட்கார்ந்து எழுதிய அந்த நோட்டில் இருக்கும்.